தோட்டைத் திருப்பிப் பாருங்கள்

தை அறுவடை முடிந்து நெல் பணமானதும் கும்பகோணம், தஞ்சாவூர் நகைக்கடைகளில் கூட்டம் சேரும். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டில் முதல் கேள்வியே தோடு வைரத்திலா, கெம்பிலா என்பதுதான். அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். தோட்டைத் திருப்பி, கல்லின் அடி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூடியதைக் கடையில் ‘குளோஸ் செட்டிங்’ என்பார்கள். தங்கக் குழிக்குள் அரக்கை நிரப்பி, மேலே ரேக்கு வைத்து, அதில் கல்லை உட்காரவைத்து ஓரத்தைத் தங்கத்தால் அழுத்தும் பழைய வேலை அது. ரேக்கில் பட்டுத் திரும்பும் ஒளிதான் கெம்புக்கு அந்த ஆழ்ந்த சிவப்பைக் கொடுக்கிறது. நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைகளின் அழகும் இதில்தான் இருக்கிறது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் பட்டுப்புடவையோடு பார்த்தால் வேறெந்தத் தோடும் இதன் பக்கத்தில் நிற்காது.

ஆனால் தண்ணீரும் சூடும் இதற்கு ஆகாது. என் அத்தையின் கெம்புத் தோட்டை, பளிச்சென்று ஆகட்டும் என்று நானே வெந்நீரில் ஊறப்போட்டேன். அரக்கு இளகி இரண்டு கல் கழன்றது. ரேக்கு கறுத்து மற்றவையும் மங்கின. பத்தர் திரும்பக் கட்டிக்கொடுத்தார், பழைய சிவப்பு வரவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. மெல்லிய துணியால் துடைத்துப் பெட்டியில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘ஓபன் செட்டிங்’ தோட்டில் அடி திறந்திருப்பதால் ஒளி ஊடுருவும். நடுவே ஒன்று, சுற்றி ஆறு என்று கட்டிய ஏழு கல் வைரத் தோட்டுக்கு என் ஓட்டு இதற்கே. மூடிய அடியில் வைரத்தின் நிறத்தையும் பழுதையும் சரியாகப் பார்க்க முடியாது. நம் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்லும் ‘புளூ ஜாகர்’ என்ற பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது. புதுக் கல்லுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் பெயரை விட்டுவிட்டு, பரிசோதனைக்கூடச் சான்றைக் கேளுங்கள். திறந்த அடியில் எண்ணெயும் சோப்பும் படிந்து ஒளி மங்கும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் மெல்லிய பிரஷால் தேய்த்தால் மீண்டும் சுடர்விடும்.

கெம்பில் கண்ணாடி நிரப்பியவை நிறைய வருகின்றன. பத்தரின் ஊதுகுழல் நெருப்புப் பட்டாலே அவை கெட்டுப்போகும். இயற்கைக் கல்லா, செயற்கையா, நிரப்பியதா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மரகதத்தில் இயல்பாகவே வெடிப்புகள் இருக்கும், தினசரிக்கு வேண்டாம். முத்து அதைவிட மென்மை.

அடுத்தது எடை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு முதல் தேடி நகையை அடகு வைக்கும் ஊர் இது. மதிப்பீட்டாளர் கல்லையும் அரக்கையும் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே கடன் போடுவார். 10 கிராம் கெம்புத் தோட்டில் கல்லும் அரக்கும் 2 கிராம் என்றால் கையில் நிற்பது 8 கிராம்தான். வைரத்தில் ஒரு கேரட் 0.2 கிராம் என்பதால் எடையில் கழிவு குறைவு. ஆனால் கல்லுக்குக் கொட்டிய பணம் அடகில் திரும்பாது. அடிக்கடி அடகு வைக்கும் வீடு என்றால் கல் இல்லாத கம்மலே நல்லது. கல் தோடு வாங்கினால் தங்க எடை, கல் எடை இரண்டையும் பில்லில் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். குந்தன், போல்கி, ஜடாவ் வேலைகளுக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு இருப்பதால், அவற்றில் தங்கத்தின் தரத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

கடைக்காரர் முகம் சுளித்தால் பெரிய கோயில் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜராஜன் கொடுத்த நகைகளின் கல்வெட்டில் பொன்னை ஆடவல்லான் என்ற கல்லாலும், ரத்தின நகைகளைத் தட்சிணமேருவிடங்கன் என்ற கல்லாலும் நிறுத்ததாக இருக்கிறது. சரடும் சட்டமும் எடையில் சேருமா, நீங்குமா என்பதும், வைரத்தின் புள்ளியும் கீறலும்கூடப் பதிவாகியிருக்கின்றன. சாமிக்குக் கொடுத்ததற்கே அவ்வளவு கணக்கு.

பணம் கட்டுமுன் திருகைச் சுரையில் மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். மரை வழுக்கினால் அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். தோடு கனமென்றால் கூடவே ஒரு மாட்டலும் வாங்கிவிடுங்கள், காது இறங்காது.