அகல டயர், ஃபிரேம் இடம் கொடுக்கிற வரைக்கும்

குண்டும் குழியுமான ரோட்டில் ஹைபிரிட் சைக்கிளின் 32 டயர் கையையும் இடுப்பையும் பதம் பார்க்கிறது என்றால், 38க்கு மாறுவது நல்ல யோசனைதான். ஆனால் எவ்வளவு அகலம் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் ஆசையோ கடைக்காரரோ அல்ல. ஃபிரேமில் மிச்சமிருக்கும் சந்து.

செய்ய வேண்டியவை

• இப்போதுள்ள டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். 32-622 என்றிருந்தால், 32 அகலம். 622, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். முதல் எண்ணை மாற்றலாம், 622ஐ மாற்ற முடியாது.

• சந்தை அளந்து பாருங்கள். 32 போய் 38 வந்தால் பக்கத்துக்கு 3 மி.மீ. குறையும். டயரின் உயரமும் சேர்ந்தே ஏறுவதால் மேலே ஏறக்குறைய 6 மி.மீ. போய்விடும். இடிக்கக்கூடிய இடங்கள்: ஃபோர்க்கின் உச்சி, பிரேக்கின் அடிப்பக்கம், பெடல் அச்சுக்குப் பின்னால் இரண்டு குழாய்களும் நெருங்கும் இடம், மட்கார்டு. புது டயரை மாட்டிய பிறகும் 6 மி.மீ. ஆலன் கீ சுற்றிலும் தாராளமாக நுழைய வேண்டும். ரிம் லேசாகப் பெண்டானாலும், டயரில் சேறு அப்பினாலும் உரசாமல் ஓட அந்த மிச்சம் தேவை.

• பின்னால் இடமில்லையா? முன்னால் 38, பின்னால் 35 போடுங்கள். பார்க்க ஒரு மாதிரி இருக்கும், கைக்குச் சுகமாக இருக்கும்.

• ட்யூபின் பெட்டியில் போட்டிருக்கும் அகலத்தைப் பாருங்கள். 28-32க்கான ட்யூப் 38 டயருக்குள் இழுபட்டு மெலிந்துவிடும். வால்வும் பழைய வகையாகவே இருக்கட்டும்.

• காற்றைக் குறையுங்கள். பழைய அழுத்தத்தையே அடித்தால் அகல டயர் வாங்கிய காசு வீண். 70 கிலோ எடையுள்ளவர் 38 டயருக்குப் பின்னால் 50 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். முன்னால் இன்னும் கொஞ்சம் குறைவாக.

செய்யக்கூடாதவை

• கடையில் "28 சைஸ் டயர்" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் பால்காரர் ஓட்டிய பெரிய சைக்கிளுக்கும் 28 தான். ஆனால் அந்த 28 x 1½ டயரின் விட்டம் 635. ஹைபிரிட் ரிம்மில் அது தொளதொளவென்று உட்கார்ந்து, காற்றடித்ததும் கழன்றுவிடும். 622 என்றே கேளுங்கள்.

• தார் ரோட்டில் மட்டும் ஓட்டுபவர்கள் பட்டன் டயர் வாங்க வேண்டாம். ஈரத் தாரில் பிடிப்பைத் தருவது ரப்பர்தான், பட்டன் அல்ல. சத்தமும் கூடுதல் மிதியும்தான் மிஞ்சும்.

• டயரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைச் சிபாரிசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எல்லை.

• இடம் வேண்டுமென்று மட்கார்டைக் கழற்றாதீர்கள். ஐப்பசியில் சட்டை முதுகைத் துவைப்பவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

• மீட்டர் வைத்திருந்தால் சக்கரச் சுற்றளவைப் பழையபடி விடாதீர்கள். 32 டயருக்கு 2155 மி.மீ., 38க்கு 2180. மாற்றாவிட்டால் 100 கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைத்துக் காட்டும்.