விடிய விடியக் கூத்துப் பார்க்க

சேலம், நாமக்கல் பக்கம் பங்குனி, சித்திரையில் கோயில் நோன்பி என்றால் கூத்தும் உண்டு. மேட்டூர் வட்டம் ஏர்வாடியில் ‘மணல்வீடு’ சிற்றிதழ்க்காரர்கள் நடத்திய விழாக்களிலும் கூத்து விடியும்வரை நடந்திருக்கிறது.

மதியமே இரண்டு மணி நேரம் தூங்கிவிடுங்கள். இரவுச் சாப்பாடு அரை வயிறு போதும். பாய், போர்வை, தண்ணீர், வேளைக்குப் போடும் மாத்திரை கையோடு இருக்கட்டும். சித்திரையிலும் பின்னிரவில் குளிரலாம். காதுக்கு ஒரு துண்டு அவசியம்.

ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் திரைக்குப் பின் வேஷக்காரர் பாடிக்கொண்டே வருவது தெரியும். இரண்டு பேர் வேட்டியைத் திரையாக விரித்துப் பிடித்திருப்பார்கள். முதலில் சலங்கைக் கால், பிறகு கிரீட நுனி, திரை விலகியதும் முழு துரியோதனன். அந்த நிமிடத்தில் செல்போனைத் தூக்கிப் பிடிப்பது பின்னால் இருப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

கதை தெரியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். கோமாளியான கட்டியக்காரன் வரும்போது அவர்களை எழுப்பிவிடுங்கள், சிரிப்பார்கள். தூக்கம் வந்தால் நீங்களும் அங்கேயே சாயலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் துகிலுரிதல் போன்ற முக்கியக் கட்டம் எத்தனை மணிக்கு என்று ஆட்டக்காரர்களிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேஷம் கட்டும் இடத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். அரிதாரம் பூசி, மரக்கட்டை அணிகளை இறுக்கிக் கட்ட வெகுநேரம் பிடிக்கும். பகலில் கூலி வேலை பார்த்துவிட்டு வந்து ஆடுகிறவர்கள் பலர். முடிந்ததை அன்பளிப்பாகக் கொடுங்கள்.

விடிந்ததும் வண்டி ஓட்ட வேண்டாம். முதல் பஸ்ஸில் வீடு திரும்புங்கள்.