நத்தை சொல்லும் கணக்கு

செடிகள் நட்ட மீன்தொட்டி ஒரு சிறு குளம் போன்றது. அடியில் மணல், மணலில் வேரூன்றிய வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா முதலிய நீர்ச்செடிகள், அவற்றின் இடையே வண்ண மீன்கள். தொட்டியை அமைத்த சில வாரங்களில், யாரும் வாங்கிவராத சிறு நத்தை ஒன்று கண்ணாடியில் ஊர்ந்து வருவதுண்டு. கடையில் வாங்கிய செடியின் இலையில், கூழ் போன்ற பைக்குள் அதன் முட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

இவ்வாறு வருவனவற்றுள் மூவகை பொதுவானவை. ஆட்டுக்கடாவின் கொம்பு போலத் தட்டையாகச் சுருண்ட ஓடுடையது ராம்ஸ்ஹார்ன் நத்தை. குமிழ் போன்ற மெல்லிய ஓடுடையது பிளாடர் நத்தை. நீண்ட கூம்பு வடிவ ஓடுடையது மலேசிய ட்ரம்பெட் நத்தை. இது முட்டையிடாமல் குஞ்சுகளையே ஈனும்.

நத்தையின் நாக்கு அரம் போன்றது. அதில் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அந்நாக்கினால் இலைமேல் படிந்த பாசியை அது சுரண்டி உண்ணும். பாசி நீங்கிய இலைக்கு ஒளி தடையின்றிக் கிடைக்கும். மீன்கள் உண்ணாமல் விட்ட உணவும் அழுகிய இலையும் நத்தைக்கு இரையாகின்றன. அதன் கழிவை நுண்ணுயிர்கள் மேலும் சிதைக்க, அது செடிகளுக்கு உரமாகிறது. ட்ரம்பெட் நத்தையோ பகலில் மணலுக்குள் புதைந்து, அதனைக் கிளறி, இறுகாமல் காக்கிறது.

எனினும், நத்தையின்மேல் ஒரு பழி உண்டு. ஓட்டை விழுந்த இலையில் அதனைக் கண்டவர், இலையைத் தின்றது நத்தையே என்பர். இச்சிறு நத்தைகள் நலமான இலையைப் பொதுவாகத் தின்பதில்லை. பொட்டாசியம் போன்ற ஊட்டம் குறைந்தால் இலை ஆங்காங்கே பட்டு, ஓட்டை விழும். பட்டுப்போன பகுதியை உண்ணவே நத்தை பின்னர் வருகிறது. முன்னது காரணம், பின்னது விளைவு. இரண்டையும் மாற்றிக் கொள்ளுதல் கூடாது.

மற்றொரு குறை, நத்தைகள் அளவின்றிப் பெருகுவது. இரையின்றி எவ்வுயிரும் பெருகாது. தொட்டியில் நத்தை பெருகுகிறது என்றால், அங்கு உணவு மிகுகிறது என்பது பொருள். மீன்கள் இரண்டு மூன்று நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிட்டால், நத்தைகளும் நாளடைவில் குறையும்.

இதனை அறியாதவர் செம்பு கலந்த மருந்தை நீரில் ஊற்றுவர். நத்தைகள் ஒருசேர மடிந்து அழுகும்; நீரில் அம்மோனியா கூடும்; மீன்களும் இறக்க நேரிடும். இரவில் ஒரு வெள்ளரித் துண்டைத் தொட்டியில் இட்டு, காலையில் அதில் மொய்த்த நத்தைகளோடு எடுத்துவிடுதல் நல்ல வழி. எடுத்தவற்றை ஏரியிலோ குளத்திலோ விடுதல் ஆகாது. வட அமெரிக்காவைச் சேர்ந்த பிளாடர் நத்தை இன்று பல நாடுகளின் நீர்நிலைகளில் பரவிவிட்டது.

நத்தையின் ஓடு வெளுத்து அரிக்கப்பட்டால், நீரில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என அறியலாம். ட்ரம்பெட் நத்தைகள் பகலிலேயே மணலை விட்டு நீர்மட்டத்திற்கு ஏறினால், நீரில் உயிர்வளி குறைந்திருக்கக்கூடும். எண்ணிக்கை மிகுந்தால், உணவிடும் கை அளவு மீறியது என்று பொருள். நத்தையை அழிப்பவர் அது சொல்லும் கணக்கையும் அழித்துவிடுகிறார்.

சொற்பொருள்
அரம் – இரும்பை அராவும் கருவி
ஈனும் – பெறும்
பட்டு – உயிரற்று உலர்ந்து
பழி – குற்றச்சாட்டு
உயிர்வளி – ஆக்சிஜன்

பயிற்சி
அ. விடை எழுதுக.
1. யாரும் வாங்காத நத்தை தொட்டிக்குள் எவ்வாறு வருகிறது?
2. நத்தையால் செடிகள் பெறும் நன்மைகள் இரண்டனை எழுதுக.
3. செம்பு கலந்த மருந்தை ஊற்றினால் மீன்களுக்கு ஏன் தீங்கு நேர்கிறது?

ஆ. பிரித்து எழுதுக.
வேரூன்றிய, அந்நாக்கு, எவ்வுயிரும்

இ. சிந்தித்து எழுதுக.
மீன்களுக்கு நாள்தோறும் இருமடங்கு உணவிட்டால், ஒரு மாதத்தில் தொட்டியில் என்னென்ன மாறும்? காரணத்தோடு ஐந்து வரிகளில் எழுதுக.