பந்தி முடிந்த பின் அடுப்பைப் பாருங்கள்

கிள்ளான் பண்டமாரான் வீடுகளில் அன்றாடச் சமையல் கேஸில்தான். ஆனாலும் பொங்கல், கல்யாண வீட்டுச் சமையல், கோயில் அன்னதானம் என்று வந்துவிட்டால் பின்பக்கத்தில் கட்டை அடுப்பு மூட்டிவிடுகிறோம். பந்தி முடிந்ததும் அந்த அடுப்பைக் கவனிக்க ஆளிருப்பதில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள். இல்லையென்றால் சூட்டோடு அள்ளிக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். முன்னதில் நல்ல கரி வீணாகிறது, பின்னதில் பிளாஸ்டிக் தொட்டி உருகித் தீப்பிடிக்கிறது.

கவனம் விறகு சேர்க்கும்போதே வேண்டும். துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் பழைய பேலட் பலகைகள் கிடைக்கும். அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அது வேண்டாம். பெயின்ட் பூசியது, பிளைவுட், மருந்தேற்றிய பலகை எதுவும் வேண்டாம். சில மருந்துகளில் உள்ள ஆர்சனிக், பலகை எரிந்த பிறகும் சாம்பலில் தங்கும். காய்ந்த ரப்பர் கட்டைக்கு ஈடில்லை.

சமையல் முடிந்ததும் எரியாத கட்டைகளை இழுத்து மணலில் குத்தி அணையுங்கள். தணலை இடுக்கியால் எடுத்து, மூடி இறுக்கமாக உள்ள தகர டின்னில் போட்டு மூடுங்கள். காற்று இல்லாமல் தணல் தானே அவிந்து கரியாக நிற்கும். தண்ணீர் ஊற்றினால் சூட்டாவியோடு சாம்பல் முகத்தில் அடிக்கும், மண் அடுப்பும் செங்கல்லும் வெடிக்கும். டின்னை வெளியே சிமென்ட் தரையில், கேஸ் தோம்புக்கும் சுவருக்கும் தள்ளி வையுங்கள். மறுநாள் வரை திறக்காதீர்கள். சூடான கரிக்குக் காற்றுப் பட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும்.

சாம்பலுக்குத் தனி டின். மேலே தொட்டால் சில்லென்றிருக்கும், உள்ளே கங்கு இருக்கும். நீறு பூத்த நெருப்பு மூன்று நான்கு நாள்கூட உயிரோடு கிடக்கும். அதனால் காலி மனையில், புதரோரத்தில் கொட்டவே கூடாது. ஜொகான் செத்தியா பக்கம் கரிமண் நிலம். அங்கே தீ மண்ணுக்குள் இறங்கினால் நாள்கணக்கில் புகையும். அந்தப் புகைமூட்டத்தை நாம் சுவாசித்திருக்கிறோம்.

நன்றாக ஆறியதும், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, காற்றில்லாத நேரத்தில் சாம்பலைச் சலியுங்கள். மேலே நிற்கும் கரியையும் டின்னில் அவிந்த கரியையும் சேர்த்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், உடைத்தால் உள்ளேயும் கருப்பாக மினுங்க வேண்டும். நடுவில் பழுப்பாக இருந்தால் அது இன்னும் கட்டைதான், புகையும், விறகோடு போட்டுவிடுங்கள்.

நம் அடுப்புக் கரி லேசானது. சட்டென்று பிடித்துச் சீக்கிரம் தீரும். பேராக் மாநிலம் கோலா செப்பெத்தாங் சூளைகளில் செய்யும் பாக்காவ் மரக் கரி கனமானது. மெதுவாகப் பிடித்து நெடுநேரம் நிற்கும். ஆகவே வீட்டுக் கரியை அடியில் போட்டுப் பற்றவைத்து, மேலே பாக்காவ் கரியை அடுக்குங்கள். மண்ணெண்ணெய் தேவைப்படாது. சின்னத் துண்டுகள் ஆர்க்கிட் தொட்டிக்கு அருமை. சாம்பிராணிக்கும் இதே கரிதான். ஆனால் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பிள்ளை பெற்ற தாய் இருக்கும் அறையாயினும் சன்னலும் கதவும் திறந்தே இருக்கட்டும்.

சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், பொட்டாசியம் உண்டு, நைட்ரஜன் இல்லை. கிள்ளான் கடலோரத்தில் பல இடங்களில் மண் புளித்தது. அங்கே வாழை, முருங்கை, கருவேப்பிலை வேரடியைச் சுற்றி ஒரு கைப்பிடி தூவிக் கிளறிவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை போதும். இட்லிப்பூச் செடிக்கு வேண்டாம். புளித்த மண்தான் அதற்குப் பிடிக்கும், சாம்பல் விழுந்தால் இலை வெளிறும். நாற்றுக்கும் ஆகாது. யூரியாவோடு கலந்தால் அமோனியாவாகச் சத்துப் பறந்துவிடும்.

தேங்காய் நாரில் சாம்பல் தொட்டு எவர்சில்வர் அண்டாவைத் தேய்த்தால் கரிப்பிடி கழன்று வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாம்பல் காரம் தோலை அரிக்கும். அலுமினியச் சட்டியையும் அது அரித்துக் கருக்கவைக்கும்.

மிச்சத்தை மழை படாமல் மூடி வையுங்கள். நனைந்தால் பொட்டாசியம் கரைந்தோடிவிடும். அடுப்பை முழுவதும் வழிக்காமல் ஓர் அங்குலம் சாம்பலை அடியில் விடுங்கள். அடுத்த முறை தணல் அதன்மேல் நின்று எரியும்.