சுண்ணாம்பின் கணக்கு

சுவர்களுக்கு வெண்மையூட்டும் சுண்ணாம்பு காளவாயிலே பிறக்கிறது. சுண்ணாம்புக்கல்லையும் கரியையும் மாறிமாறி அடுக்கி எரியூட்டுவர். வெப்பம் சுமார் 900 டிகிரி செல்சியசை எட்டும்பொழுது கல் சிதைந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. தூய கல் 100 கிலோகிராம் இட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு 56 கிலோகிராமே. எஞ்சிய 44 கிலோகிராம் எங்கே சென்றது?

இவ்வினாவிற்கு விடை கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜோசப் பிளாக் ஆவார். கல்லிலிருந்து ஒரு வாயு வெளியேறுவதே எடை குறையக் காரணம் என்பதைத் தராசின் துணைகொண்டு ஆராய்ந்து, 1756-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கரியமிலவாயு என வழங்குவது அதுவே. இம்மாற்றத்தை வேதியியலார் ஒரே வரியில் எழுதுவர்:

சுண்ணாம்புக்கல் (திண்மம்) → சுட்ட சுண்ணாம்பு (திண்மம்) + கரியமிலவாயு (வாயு)

அம்புக்குறியின் இடப்பக்கத்தில் நிற்பது மாற்றத்திற்கு உட்படும் வினைபடுபொருள். வலப்பக்கத்தில் நிற்பன மாற்றத்தால் தோன்றும் விளைபொருள்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது பொருளின் நிலை. வெப்பம் பொருளன்று, ஆதலின் அதனை அம்புக்குறியின்மேல் குறிப்பர்.

நிலையைக் குறிப்பதன் பயன் பெரிது. 'வாயு' என்னும் ஒரு சொல், காணாமற்போன 44 கிலோகிராமைக் காட்டிக்கொடுக்கிறது. காளவாய்க்குக் காற்றோட்டம் வேண்டுவதன் காரணத்தையும் அதுவே உணர்த்துகிறது. வெளியேற வழியின்றித் தங்கும் வாயு சுண்ணாம்போடு மீண்டும் கூடும். மேலும், இவ்வாயு காற்றினும் கனமானது. நிறமும் மணமும் அற்றது. தாழ்ந்த இடங்களில் தேங்கி, அங்கே இறங்குவோரின் உயிரைப் பறிக்கவும் வல்லது. சமன்பாட்டை உணர்ந்து படித்தவன் அவ்விடத்தில் எச்சரிக்கையாக இருப்பான்.

சுட்ட சுண்ணாம்பின்மீது நீர் தெளித்தால் அது கொதித்து நீறும்:

சுட்ட சுண்ணாம்பு (திண்மம்) + நீர் (திரவம்) → நீற்றிய சுண்ணாம்பு (திண்மம்)

முன்னைய வினையின் விளைபொருள் இங்கே வினைபடுபொருளாயிற்று. நீற்றிய சுண்ணாம்பு நீரில் சிறிதளவே கரையும். கரைந்த பகுதியின் நிலையைத் 'திரவம்' என்னாது 'நீர்க்கரைசல்' என்றே குறித்தல் வேண்டும். அதனைச் சுவரிற் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல ஏற்று இறுகும்:

நீற்றிய சுண்ணாம்பு (நீர்க்கரைசல்) + கரியமிலவாயு (வாயு) → சுண்ணாம்புக்கல் (திண்மம்) + நீர் (திரவம்)

தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வழியே மூச்சுக்காற்றை ஊதினால் அது பால்போற் கலங்குவதும் இவ்வினையாலேயே ஆகும். அக்கலக்கம் திண்மமாகத் தோன்றிய விளைபொருளே. காளவாயிலே சிதைந்த கல், சுவரிலே மீண்டும் கல்லாகிறது.