ஆல்பம் பாட்டுக்கு ஆடப்போகும் தம்பிக்கு



சாத்தூரிலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். சென்னையிலிருந்து ஆல்பம் பாட்டு எடுக்க வருகிறார்கள், சிவகாசிப் பக்கம் கரிசக்காட்டில் ராத்திரி ஷூட்டிங், பின்னணியில் பேன்சி வெடி போடுவார்கள், தேவராட்டம் ஆட ஆறு பையன்கள் வேண்டுமாம் என்றாய். சந்தோஷம், போய்வா. நானும் தொண்ணூறுகளில் கோடம்பாக்கத்தில் கதாநாயகனுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஆடிவிட்டு வந்தவன்தான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. வேனில் ஏறுமுன் சிலது உன் காதில் விழட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் ஆட்டத்தில் பாட்டு இல்லை. தேவதுந்துபி என்கிற உறுமிதான் எல்லாம். முன்னால் ஆடுகிறவர் அடவை மாற்றினால் உறுமிக்காரர் அவர் காலைப் பார்த்தே கையை மாற்றுகிறார். உறுமிக்காரர் வேகம் கூட்டினால் நீங்கள் கூட்டுகிறீர்கள். ஆடுகிறவனும் அடிக்கிறவனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே போகிற ஆட்டம் அது. ஷூட்டிங்கில் உன்னைப் பார்க்க யாரும் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் டிராக்கிற்கு உன் மூச்சு தெரியாது, கால் இடறினால் அது காத்திருக்காது. இதைப் பழக்கப்படுத்திக்கொள்ள ஒரே வழி, டிராக்கை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுவது. பாட்டு வெளியே போய்விடும் என்று பயந்து தரமாட்டார்கள். அப்படியானால் வெறும் தாளத்தையாவது அனுப்புங்கள் என்று கேள். அதைத் தருவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

டிராக் கைக்கு வந்ததும் போனில் வேகத்தை இரண்டு மடங்கு வைத்தும் ஆடிப் பார். ஏனென்றால் சில ஷாட்டுகளை ஹை ஸ்பீடில் எடுப்பார்கள். கேமரா நொடிக்கு 48 பிரேம் ஓடும், பாட்டையும் இரண்டு மடங்கு வேகத்தில் போடுவார்கள். திரையில் நொடிக்கு 24 பிரேமாக ஓட்டும்போது பாட்டு தன் வேகத்துக்குத் திரும்பிவிடும், பாடுகிறவர் உதடும் வரியோடு ஒட்டிக்கொள்ளும். குதிக்கிற உன் உடம்பு மட்டும் காற்றில் மிதக்கிற மாதிரித் தெரியும். பார்க்கிறவனுக்கு அழகு. ஆடுகிறவனுக்கு முழங்கால் கழன்றுவிடும். தேவராட்டத்தில் உட்கார்ந்து எழுந்து திரும்புகிற அடவை இரண்டு மடங்கு வேகத்தில், அதுவும் விடிகாலை மூன்று மணிக்கு, ஒன் மோர், ஒன் மோர் என்று ஆடச் சொல்லும்போது ஆறு பேரில் இரண்டு பேருக்காவது கால் பிசகும். எந்த ஷாட் ஹை ஸ்பீடு என்று அசிஸ்டன்ட் டான்ஸ் மாஸ்டரிடம் சாயங்காலமே கேட்டு வை. முடிந்தால் அதை முதலில் எடுக்கச் சொல். புதுப் பையன் சொல்லி யார் கேட்பார்கள் என்று நினைக்காதே. கால் தெம்பாக இருக்கும்போது எடுத்தால் டேக் குறையும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த அசிஸ்டன்ட் மாஸ்டர்தான் கேமராவுக்குப் பக்கத்தில் உனக்கு எதிரே நின்று, ஒன் டூ த்ரீ ஃபோர் என்று எட்டு வரை எண்ணிக்கொண்டே ஆடிக் காட்டுவார். முழுப் பார்வையும் அவர்மேல் போனால் லென்ஸில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். கடைக்கண்ணால் பிடி. கைக்குட்டை எந்தக் கையில் இருந்தது, தலைப்பாகை நுனி எந்தப் பக்கம் தொங்கியது என்பதை ஒவ்வொரு டேக்குக்கும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள். அப்புறம் தரை. காய்ந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்திருக்கும், பிடுங்காத பருத்திமார்க் கட்டை வெறுங்காலில் ஆணி மாதிரி ஏறும். வெளிச்சம் இருக்கும்போதே ஆடுகிற இடத்தைக் காலால் தடவிப் பார்த்துவிடு.

வெடி விஷயத்தில் சிவகாசிப் பக்கத்துப் பையனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் ஷூட்டிங் பரபரப்பில் தெரிந்தவனும் மறந்துவிடுவான். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போகிறவர்கள் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் இறங்கட்டும் என்று வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைகிறார்கள். காஸ்ட்யூம்காரர் கொண்டு வருவதோ வெளிச்சத்தில் மினுங்குகிற பாலியஸ்டர் சட்டையாக இருக்கும். தீப்பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டும். மேலே எதையும் மாட்டிவிடட்டும், உள்ளே உன் சொந்தப் பருத்திப் பனியனைப் போட்டுக்கொள். வெடியை யார் கொளுத்துகிறார்கள், உரிமம் உள்ள ஆளா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தண்ணீரும் மணலும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதில் வெட்கமே கூடாது. ஷூட்டிங்காரர்களுக்கு வெடி ஒரு லைட்டிங் எஃபெக்ட். நம்மூர் 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தைப் பார்த்த ஊர். குழாயிலிருந்து கிளம்பாமல் நின்றுபோன வெடியை எடுத்துப் பார்க்கச் சொன்னால், நீ உள்ளூர்ப் பையன்தானே என்று எவ்வளவு செல்லமாகச் சொன்னாலும், அதன் பக்கம் போகாதே.

இனி பணமும் பேரும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

படத்தில் குரூப் டான்ஸ் ஆட யூனியன் கார்டு வேண்டும். கேள்வி கேட்க சங்கம் இருக்கிறது, அதற்கு மேலே சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சி இருக்கிறது. ஆல்பம் பாட்டில் பல இடங்களில் அந்தக் கட்டு கிடையாது. உன்னைப் போன்றவர்களுக்குக் கதவு திறப்பதும் அதனால்தான், சம்பளம் நின்றுபோனால் போய்ச் சொல்ல இடமில்லாமல் போவதும் அதனால்தான். ஆளுக்கு எவ்வளவு, ராத்திரி விடியலைத் தாண்டினால் எவ்வளவு, பேட்டா தனியா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கு. பாதியை அட்வான்சாகக் கேள். அவர்கள் சொல்லும் தேதியை நம்பி விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கோ சிவகாசி சித்திரைப் பொங்கலுக்கோ ஒப்புக்கொண்ட ஆட்டத்தைக் கைவிடாதே. ஷெட்யூல் தள்ளிப்போகும். அம்மன் பொங்கல் தள்ளிப்போகாது.

சம்பளத்தையாவது எல்லாரும் கேட்டுவிடுகிறார்கள், பேரைக் கேட்பதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. ஆடுகிறவனும் சட்டப்படி நிகழ்த்துகலைஞன்தான். தன் பேரைச் சொல்லச் சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு. எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், அவன் ஆட்டத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டியில் பங்கு உண்டு என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அதிலேயே ஒரு கொக்கியும் இருக்கிறது. படத்தில் சும்மா வந்துபோகிற மாதிரி நடித்தவர், தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்கேயும் பேர் வராதவர் என்றால் அவரை நிகழ்த்துகலைஞராகவே கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அவர் ஆட்டத்தை வெட்டித் திரித்து அசிங்கப்படுத்தினால் தடுக்கலாம், அவ்வளவுதான் மிச்சம். பாட்டுக்குக் கீழே ஒரு வரியில் வருகிற பேர், சட்டத்தின் கண்ணில் நீ ஆடியதற்குச் சாட்சி. ராயல்டி உன் வீட்டு வாசலுக்கு மணியார்டராக வரும் என்று நான் சொல்லவில்லை, வந்ததை நான் பார்த்ததும் இல்லை. சாட்சி இல்லாமல் வழக்கே கிடையாது என்றுதான் சொல்கிறேன்.

பெரிய ஆட்களுக்கே இது சிக்கல்தான். 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டை உலகமே கேட்டது. அதே ஆண்டு ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அதை எழுதிப் பாடிய அறிவு இல்லாமல்போனதும், மறு ஆண்டு சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு பாடப்பட்டதும் பெரிய பேச்சாயின. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024-இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் கதையே இப்படி இருக்கும்போது பின்வரிசையில் ஆடுகிறவன் எந்த மூலை என்று நீயே யோசி.

ஆறு பேரின் பேரையும், உங்கள் ஊர்ப் பேரையும், உறுமிக்காரர் அங்கே வாசித்தால் அவர் பேரையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி மேனேஜரிடம் கொடு. கொடுத்ததைப் படமும் எடுத்துக்கொள். ‘தேவராட்டம்’ என்ற பேர் வர வேண்டும் என்றும் சொல். கிராமியக் குழு என்று பொதுவாகப் போட்டுவிட்டால், அடுத்த ஆல்பத்துக்கு ஆள் தேடுகிறவனுக்கு உங்களைக் கண்டுபிடிக்க வழியில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதே. ஆங்கிலத்தில் நீட்டினால் வீட்டுக்கு வாங்கிப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்.

மாஸ்டர் உங்கள் அடவோடு குத்தைக் கலக்கச் சொல்வார். தாராளமாகக் கலந்து ஆடு, எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. குத்தும் நம்மூர்த் தெருவில் பிறந்ததுதான். எடிட்டிங் முடிந்து உன் பங்குக்குச் சில நொடிகள்தான் மிஞ்சும், அதிலும் முகம் தெரியாமல் சலங்கைக் கால் மட்டும் வரலாம். அதை இப்போதே வீட்டில் சொல்லி வை. இல்லாவிட்டால் தெருவே கூடி போனில் உன்னைத் தேடும்.

இன்னொன்று. பேக்கப் சொல்லும் நேரத்தில் சாத்தூருக்கு பஸ் இருக்காது. வேன் திருப்பிக் கொண்டுவந்து விடுமா என்று இன்றைக்கே மேனேஜரிடம் கேட்டுவிட்டு எனக்கு ஒரு போன் போடு. விடாது என்றால் நான் விருதுநகரிலிருந்து வண்டி ஏற்பாடு பண்ணுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்