தண்ணீர் குடித்த கார் சாவி

மும்பையில் மழை தொடங்கிய இரண்டாவது வாரத்திற்குள் யாராவது ஒருவர் நனைந்த கார் சாவியோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், 'கரண்ட் ஓடுகிற எதையும் இவர் பார்த்துக் கொடுப்பார்' என்று செம்பூரில் எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. நான் படித்தது டிப்ளமா. கார் மெக்கானிக் அல்ல. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாள ஓரத்தில் நின்று கற்றுக்கொண்டவன். நம் சங்கக் குடும்பங்களில் இன்று பல வீடுகளில் கார் இருக்கிறது. காரை வைத்தே பிழைப்பவர்களும் உண்டு. ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாவிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். பார்க்க ஒரு சாவி. உள்ளே மூன்று சாவிகள். ஒன்று, பழைய காலத்து இரும்புச் சாவி. பட்டன் அமுக்கி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில்கூட இது உண்டு. சாவியின் பக்கவாட்டில் உள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளினால் ஒல்லியான இரும்புத் தகடு ஒன்று வெளியே வரும். இரண்டாவது, ரிமோட். பட்டனை அமுக்கினால் சுமார் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் காருக்கு ஓர் எண் போகிறது. ஒவ்வொரு முறையும் அந்த எண் மாறும். இதற்குத்தான் பாட்டரி வேண்டும். மூன்றாவது, ஒரு சின்னச் சில்லு. இது வண்டியிடம் 'நான்தான் உன் சாவி' என்று அடையாளம் சொல்வது. அந்த அடையாளம் கிடைக்காமல் எஞ்சின் ஓடாது. வேடிக்கை என்னவென்றால் இந்தச் சில்லுக்குப் பாட்டரியே தேவையில்லை. ஸ்டார்ட் செய்யும் இடத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அனுப்பும் சக்தியை வாங்கிக்கொண்டு அதிலேயே பதில் சொல்லிவிடும். நம் மெட்ரோ ரயில் கார்டில் பாட்டரி இல்லையே, கதவருகே காட்டினால் வேலை செய்கிறதல்லவா? அதே தத்துவம்தான்.

இது தெரியாததால் படும் பாடு கொஞ்சமல்ல. சென்ற ஆண்டு ஜூலையில் தாராவி 90 அடி சாலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பூர்வீகம், வாடகைக் கார் ஓட்டுகிறார். மழை பிடித்துக்கொண்ட இரவில் மாட்டுங்கா பைவ் கார்டன்ஸ் பக்கம் தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்து வண்டியை விட்டுவிட்டு, கிங் சர்க்கிள் காந்தி மார்க்கெட் அருகே இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வீடு போயிருக்கிறார். சாவி பேண்ட் பையில். மறுநாள் பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை. அவர் அம்மா அதை அரிசி டப்பாவுக்குள் ஒன்றரை நாள் புதைத்து வைத்திருக்கிறார்.

"அண்ணாச்சி, சாவி செத்துப்போச்சு. வண்டியைக் கட்டி இழுத்துட்டு வாங்க, புதுச்சாவி போட்டுத் தாரோம்னு சொல்லுதாங்க. அஞ்சாம் தேதி டியூ கட்டணும். ரெண்டு நாளாச் சவாரி இல்ல" என்றார். பழைய காராக வாங்கியதால் அவரிடம் இருந்தது அந்த ஒரே சாவி.

"கம்பியைப் போட்டுக் கதவைத் திறந்து பார்த்தியாப்பா?" என்று கேட்டேன்.

"இதுல ஏது அண்ணாச்சி கம்பி?"

தாழ்ப்பாளைத் தள்ளி அந்த இரும்புத் தகட்டை எடுத்துக் காட்டியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று வருடமாக அது அவர் பையிலேயே இருந்திருக்கிறது. சாவியைத் திறந்து பாட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டு, இருவருமாக மாட்டுங்கா போனோம். டிரைவர் கதவுக் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு மூடி. அதை நெம்பினால் சாவித் துவாரம். திறந்தவுடன் அலாரம் ஊரைக் கூட்டியது. கவலைப்படாதே என்று சொல்லி, பாட்டரி இல்லாத அந்தச் சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மிதித்து அமுக்கச் சொன்னேன். வண்டி கிளம்பியது, அலாரமும் அடங்கியது. அன்று மாலையே அவருக்கு விமான நிலையச் சவாரி. சாவியை எங்கே வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ஸ்டீயரிங் அருகே, சிலவற்றில் தம்ளர் வைக்கும் குழியில். வண்டியோடு தரும் கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை நம்மவர்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள்!

சரி, நனைந்த ரிமோட்டை என்ன செய்வது? இங்கேதான் ரயில்வே பாடம் உதவுகிறது. 2005 ஜூலை 26ஆம் தேதி யாருக்கும் மறக்காது. 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நேரம் கொலாபாவில் வெறும் 73. லோக்கல் ரயில் நின்றுபோய், தண்டவாளத்தின்மேலேயே மக்கள் நடந்தார்கள். தண்ணீர் வடிந்தபின் சேறு அப்பிய மோட்டார்களையும் பெட்டிகளையும் நாங்கள் எடுத்தபோது செய்த வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. மின்சாரத்தைத் துண்டிப்பது, நல்ல தண்ணீரால் கழுவுவது, காய வைப்பது, மெகர் வைத்து இன்சுலேஷனைச் சோதிப்பது. அதன்பிறகுதான் மறுபடி மின்சாரம். 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஈரத்தோடு சுவிட்சைப் போட்டவன் கெடுத்தான். உள்ளங்கையில் அடங்கும் சாவிக்கும் இதே வரிசைதான்.

பாட்டரியை ஏன் முதலில் கழற்ற வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்க 1.23 வோல்ட் இருந்தாலே கணக்குப்படி போதும். சாவியின் பாட்டரி 3 வோல்ட். ஈரமான சர்க்யூட் பலகையில் அது உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் முடிமாதிரி மெல்லிய செப்புக் கோடுகள் கரைந்துகொண்டே இருக்கும். பச்சையாகப் பூத்து நிற்பது கரைந்த செம்புதான். தண்ணீர் மட்டும் தனியாக இவ்வளவு வேகமாகக் கெடுக்காது. பாட்டரியும் கூட இருப்பதுதான் வினை. ஆகவே நனைந்த சாவியின் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்க்காதீர்கள். நேரே பாட்டரியைக் கழற்றுங்கள். கழற்றினால் சாவியின் எண் அழிந்துவிடுமோ என்ற பயம் பெரும்பாலான சாவிகளுக்குத் தேவையில்லை. அது பாட்டரி இல்லாமலும் நினைவில் நிற்கும்.

சாவியைத் திறப்பதற்குப் பெரும்பாலும் ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் நாணயத்தையோ தட்டையான ஸ்க்ரூ டிரைவரையோ வைத்துத் திருகினால் இரண்டாகப் பிரியும். சிலவற்றில் குட்டி ஸ்க்ரூ இருக்கும். ஒட்டி மூடப்பட்ட சாவியாக இருந்தால் பலவந்தம் வேண்டாம், கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். திறக்கும்போது கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்வது நல்லது. காரணம், சில மாடல்களில் அந்த அடையாளச் சில்லு பலகையில் இல்லாமல், மிளகு அளவுக் கறுப்புத் துண்டாகவோ சின்னக் கண்ணாடிக் குழாயாகவோ உறைக்குள் தனியே செருகப்பட்டிருக்கும். அது தெறித்து விழுந்தது தெரியாமல் மூடிவிட்டால், ரிமோட் வேலை செய்யும், கதவு திறக்கும், எஞ்சின் மட்டும் ஓடாது. குப்பையோடு பெருக்கிக் கொட்டிவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கழுவுவது. நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று வீட்டில் சண்டைக்கு வருவார்கள். சாக்கடை கலந்த வெள்ளத்திலும் வாஷிங் மெஷின் சோப்புத் தண்ணீரிலும் உப்பும் அழுக்கும் இருக்கின்றன. தண்ணீர் காய்ந்தாலும் இவை போகாது; அடுத்த ஈரக்காற்றில் மறுபடி மின்சாரத்தைக் கடத்தும். கார் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இதற்கு மிகப் பொருத்தம். பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்தால் இடுக்கில் உள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். லாமிங்டன் ரோடு எலெக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும். எளிதில் தீப்பற்றும் என்பதால் பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் அருகே வேண்டாம். கை கழுவும் சானிடைசர் இதற்கு மாற்று அல்ல. அதில் சேர்க்கும் பிசுபிசுப்பு பலகையிலேயே தங்கிவிடும். பெட்ரோல், தின்னர் இரண்டும் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்கும்.

கணபதி விசர்ஜனத்தில் கடலுக்குள் இறங்கும்போது சாவி நனைவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. கடல்நீர் குழாய்த் தண்ணீரைவிட நூறு மடங்கு அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தும். அங்கே டிஸ்டில்டு வாட்டரைத் தேடிப் போகாமல், பாட்டரியைக் கழற்றிவிட்டுக் கையில் உள்ள குடிதண்ணீர் பாட்டிலாலேயே உடனே கழுவுங்கள். மற்றதை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

காய வைப்பதில் அரிசியின் புகழ் எப்படி வந்ததோ தெரியவில்லை. ரயில்வேயில் எந்த ரிலேயையும் காய வைக்க நாங்கள் அரிசி மூட்டை வாங்கியதில்லை. அரிசி வெளிக்காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவே. அழுக்கை எடுக்காது, பாட்டரியைக் கழற்றாது. மாவுத் தூசி மட்டும் உள்ளே போகும். மும்பை ஜூலையில் காற்றே ஈரமாக இருப்பதால் மின்விசிறிக்கு நேரம் பிடிக்கும். ஏ.சி. ஓடும் அறையோ, இளஞ்சூடாக இருக்கும் செட்டாப் பாக்ஸின் மேலோ நல்ல இடம். ஒரு முழு நாள் பொறுங்கள். காலணிப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் வைக்கலாம். ஆனால் பல மாதம் திறந்து கிடந்த பொட்டலத்தின் வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்கும். தோசைக்கல், மைக்ரோவேவ், அனல் பறக்கும் ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம்.

நனைந்த பழைய பாட்டரியைத் திரும்பப் போடக்கூடாது. பெரும்பாலான சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்றால் தடிமன் 2.5. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் தொடர்பு சரியாகக் கிடைக்காது. கழற்றிய பாட்டரியை மேசைமேல் போட்டு வைக்காதீர்கள். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உட்புறம் வெந்து புண்ணாகும். வெளியே அழுகை, எச்சில் வடிதல் தவிர ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், சயான் மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு எக்ஸ்ரே எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பழைய பாட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, எலெக்ட்ரானிக் குப்பை வாங்குபவரிடம் கொடுங்கள்.

நம் தாராவித் தம்பியின் சாவி முழுவதும் பிழைக்கவில்லை. ஒன்றரை நாள் பாட்டரியோடு அரிசிக்குள் இருந்ததில் டிக்கி திறக்கும் பட்டனுக்குப் போகும் கோடு அரித்துப்போயிருந்தது. பூட்டும் பட்டனும் திறக்கும் பட்டனும் வேலை செய்கின்றன. அதைக் கொண்டே ஓட்டி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது சாவி செய்துகொண்டார். ஒரு சாவி உயிரோடு இருக்கும்போது இரண்டாவது செய்வது எளிது. எல்லாச் சாவியும் போனபின் செய்வது செலவும் அலைச்சலும் அதிகம். பழைய கார் வாங்குபவர்கள் விலை பேசும்போதே இரண்டு சாவியையும், சாவி எண் பொறித்த சிறு தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தகட்டைச் சாவிக்கொத்திலேயே கோத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பீரோவில் இருக்க வேண்டிய பொருள். தெருவோரத்தில் இரும்பை மட்டும் வெட்டித் தருபவரின் சாவி கதவைத் திறக்கும், சில்லு இல்லாததால் எஞ்சினை ஓட்டாது. இன்ஷூரன்ஸில் சாவிக்கென்று தனிச் சேர்க்கை உண்டு. புதுப்பிக்கும்போது விசாரித்துப் பாருங்கள்.

சாவி சரியானாலும் வண்டியே வெள்ளத்தில் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுத்துச் செல்வதுதான் வழி.

2005 வெள்ளத்தில் மின்சாரப் பூட்டும் கண்ணாடியும் இயங்காமல் காருக்குள்ளேயே சிக்கி உயிரிழந்தவர்கள் உண்டு. தண்ணீர் கதவின் கீழ் விளிம்பைத் தொடும்போதே கண்ணாடியை இறக்கி விடுங்கள்; வண்டியை விட்டு இறங்கத் தயங்காதீர்கள். சிறு சுத்தியல் ஒன்று டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல. உடைக்க வேண்டியது பக்கக் கண்ணாடியின் மூலை. முன்கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டப்பட்டது, விரிசல் விடுமே தவிர எளிதில் வழி விடாது.

மழையில் நடக்க நேர்ந்தால் சாவியை வாய் அமுக்கி மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் வழியாக ரேடியோ அலை தாராளமாகப் போகும். பத்திரமாக இருக்கட்டும் என்று மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்தால் தண்ணீர் போகாது, ஆனால் அலையும் போகாது. கார் பக்கத்தில் நின்றாலும் உங்களை அடையாளம் தெரியாது.